எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடலாமா?

கடைமடைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யம் வட்டத்தில் உள்ள ஒரு கடைமடைக் கிராமத்தில் இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். எங்கள் ஊருக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகிகளில் நானும் ஒருவன். அண்மையில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, குழுவைக் கலைத்தே ஆக வேண்டும் என்று ஊரில் பாதிப் பேரும், கலைக்கவே கூடாது என்று மீதிப் பேரும் நிற்கிறார்கள். அக்டோபர் 2 கிராமசபை முடிந்த கையோடு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவதாக இருக்கிறது. அதற்குள், இதுபோன்ற குழுக்களை நடத்துகிறவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், இவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரின் கருத்தைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

முதலில் குழுவின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் தென்னையும் மாவும் மின்கம்பங்களும் சாய்ந்து, செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. சிக்னல் கிடைக்கும் இடம்வரை பைக்கில் போன இரண்டு இளைஞர்கள், தெருவாரியாகப் பெயர்களை நோட்டில் எழுதி, 'எல்லாரும் நலம்' என்று குறிப்பிட்டு அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பகிர்வதற்காகத் தொடங்கியதுதான் இந்தக் குழு. இன்றைக்கு மேட்டூரில் திறந்த தண்ணீர் எந்த மதகுவரை வந்திருக்கிறது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்ததா, பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்கக் கடைசி நாள் எது, 100 நாள் வேலை எந்தக் குளத்தில் நடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரிகிறது. பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் இரத்தம் தேவைப்பட்டபோது, அந்த வகை இரத்தம் உள்ளவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதும் இந்தக் குழுவால்தான் தெரிய வந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு மாலையில், பிள்ளை பிடிக்கிற கும்பல் ஒன்று போர்வை விற்பவர்களைப் போல ஊருக்குள் வந்திருப்பதாக ஒரு பெண் அழுதபடி பேசும் குரல் பதிவு குழுவுக்கு வந்தது. பேசியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று அதில் எதுவும் இல்லை. அரை மணி நேரத்துக்குள், ஆண்டுதோறும் வந்து தவணைக்குப் போர்வை விற்கும் வடமாநில இளைஞர் ஒருவரைக் கடைத்தெருவில் சூழ்ந்துகொண்டு, அவருடைய மூட்டையைச் சாலையில் கொட்டிவிட்டார்கள். இரண்டு படுக்கை விரிப்புகள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தவணைக் கணக்கு எழுதிய ஒரு சிறிய நோட்டு, ஆதார் அட்டை ஆகியவைதான் உள்ளே இருந்தன. அந்த நோட்டில் எங்கள் ஊர்ப் பெண்களின் பெயர்களும் அவர்கள் தர வேண்டிய பாக்கியும் இருந்ததைப் பார்த்த ரைஸ்மில்காரர் குறுக்கே நின்று கத்திய பிறகுதான் கை ஓங்கியவர்கள் விலகினார்கள். அந்த இளைஞருக்கு உதடு கிழிந்திருந்தது. அந்தக் குரல் பதிவைக் குழுவில் போட்டவரும் எங்கள் ஊர்க்காரர்தான்; அவருக்கு வேறொரு குழுவிலிருந்து வந்ததாம்.

இது தவிர, கோயில் திருவிழாவில் எடுத்த பெண் பிள்ளைகளின் படங்கள் குழுவிலிருந்து வெளியே போய், இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஒரு கணக்கில் வந்திருக்கின்றன என்ற புகாரும் இருக்கிறது. குழுவைக் கலைப்பது சரியா? வைத்துக்கொள்வதானால் எப்படி நடத்துவது? இனி எதாவது நடந்தால் நிர்வாகிகளான எங்கள்மீது வழக்கு வருமா?


வடாற்காட்டான் எழுதியது:

தம்பி, நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் ரைஸ்மில்காரருக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படிக் குறுக்கே நிற்க ஒருவர் இல்லாமல் போன இடங்களில் என்ன நடந்தது என்பதை எங்கள் மாவட்டம் அறியும்.

2018 மே மாதம், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக நின்றது. வண்டியில் இருந்த 65 வயதுப் பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி அப்போது வட மாவட்டங்கள் முழுவதும் வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மாள் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். ஏறக்குறைய அதே நாட்களில் பழவேற்காட்டில், ஆதரவற்றுத் திரிந்த ஒரு மனிதரையும் இதே சந்தேகத்தின் பேரில் அடித்துக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், வாரச் சந்தைக்கு வந்த நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஊராட்சி அலுவலக அறைக்குள் அடைத்து வைத்து அடித்துக் கொன்றது இன்னொரு கூட்டம்.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய ஒரு காணொளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவதை அதில் பார்க்கலாம். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தி எடுக்கப்பட்ட ஒரு விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்தப் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓர் அட்டையைக் காட்டி எச்சரிப்பார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நம் ஊரில் நடந்ததாகப் பரப்பினார்கள். பார்த்தவர்கள் கண்ணால் கண்டதை நம்பினார்கள். வெட்டப்பட்ட பகுதி இருந்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் பணிக்காலத்தில் கவனித்தவரை, இப்படிப்பட்ட கூட்டத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பிள்ளை குட்டி உள்ள சாதாரணக் குடும்பஸ்தர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்ற பயம்தான் அவர்களைத் தெருவுக்கு இழுத்து வருகிறது. ஆகவே அந்தப் பயத்தை ஏளனம் செய்து பயனில்லை. அந்த நேரத்தில் அவர்கள் யாரைக் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குழுவின் விவரப் பகுதியில் உங்கள் காவல் நிலையத்தின் எண், கிராம நிர்வாக அலுவலரின் எண், அவசர உதவிக்கான 112 ஆகியவற்றைப் போடுங்கள். இப்படி ஒரு செய்தி வந்தால், போட்டவரிடம், பார்த்தது யார், எந்த இடத்தில், எந்த நாள் என்ற மூன்றையும் எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் செய்தியை உடனே நீக்கிவிட்டு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நிலையத்திலிருந்து ஒரு காவலர் தன் பெயரைச் சொல்லி, 'விசாரித்துவிட்டோம், அப்படி எதுவும் இல்லை' என்று ஒரு நிமிடம் பேசி அனுப்பும் குரல் பதிவுக்கு, முகம் தெரியாத அழுகையை அடக்கும் வலு உண்டு.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைப் பிறந்த இடம், மொழி, சாதி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் அதில் ஒவ்வொருவருக்கும் ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை என்கிறது. பொதுமக்களிடையே பீதியைக் கிளப்பும் வதந்தியைப் பரப்புவதும் 353 ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம். கிராமசபையில் இதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.


மகாவலிக்கரை எழுதியது:

நான் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் வசிக்கும் தமிழன். எங்கள் பகுதியில் 2018 மார்ச்சில் நிகழ்ந்தவை உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையவை என்பதால் எழுதுகிறேன்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில் சாப்பிட வந்த ஒருவர், கறியில் இருந்த ஒரு சிறு கட்டியைக் காட்டி, சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்வதற்காக மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று கூச்சலிட்டார். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. சுற்றி நின்ற கூட்டம் மிரட்டிக் கேட்டபோது, கேள்வி விளங்காமலும் பயத்திலும் அவர் ஆம் என்று தலையாட்டியதைக் கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்து முகநூலில் ஏற்றினார்கள். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். ஆனால் அதற்குள் அந்த ஒளிப்பதிவு நாடு முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது. வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3 அன்று இறந்ததைத் தொடர்ந்து எங்கள் மாவட்டத்தின் திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்ற அழைப்புகள்கூடச் சமூக வலைத்தளங்களில் வெளிப்படையாகவே பகிரப்பட்டன.

அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, மார்ச் 7 முதல் ஒரு வாரமளவில் முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை முடக்கியது. கலைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்த ஒரு வாரத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். கலகம் செய்ய நினைத்தவர்கள் முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் மூலம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளுக்குத் தான் உயிரோடு இருப்பதாகச் சொல்ல முடியாமல் தவித்த தாய்மாருக்குத்தான் கதவு மூடப்பட்டது.

அப்படியானால் எங்கே தவறியது? சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பல மாதங்களாகவே மக்களும் அமைப்புகளும் முகநூலுக்கு முறையிட்டு வந்தார்கள். விதிமீறல் எதுவும் இல்லை என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. சிங்களம் வாசித்து விளங்கக்கூடிய போதுமான ஆட்கள் அந்த நிறுவனத்தில் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில், தங்கள் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டு மனித உரிமைகள் பாதிக்கப்பட்டதற்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீடுகளுக்கு அந்த மன்னிப்பு இரண்டு ஆண்டுகள் பிந்தியது.

கலிபோர்னியாவில் இருந்த நிறுவனத்திடம் இல்லாத ஒன்று உங்கள் ஊர் நிர்வாகிகளிடம் இருக்கிறது, ஐயா. குழுவில் பேசப்படும் மொழி உங்களுக்குத் தெரியும். எந்தச் சொல் எந்தத் தெருவை நோக்கி எறியப்படுகிறது என்பதும் தெரியும். குழுவைக் கலைத்தால் அதே குரல் பதிவு வேறு நூறு குழுக்களில் வரத்தான் போகிறது. அங்கே உங்களைப் போல நீக்குவதற்கு ஒருவரும் இருக்கமாட்டார். 2022 பொருளாதார நெருக்கடியில் எந்த எரிபொருள் நிலையத்துக்குப் பவுசர் (எரிபொருள் லொறி) வந்திருக்கிறது, எந்த மருந்தகத்தில் இன்சுலின் இருக்கிறது என்பதை நாங்கள் அறிந்துகொண்டதும் இப்படியான ஊர்க் குழுக்களில்தான். அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று அரசாங்கம் மீண்டும் சமூக வலைத்தளங்களை முடக்கியபோது, எதிர்ப்பு வலுத்ததால் அன்றைக்கே திறந்துவிட வேண்டியதாயிற்று.


நெய்தல் எழுதியது:

நான் இதுவரை எழுதியவர்களிலிருந்து மாறுபடுகிறேன். எங்கள் கடலோரக் கிராமத்திலும் இப்படி ஒரு குழு இருந்தது. நாங்கள் பெண்கள் வற்புறுத்தித்தான் அதைக் கலைத்தார்கள்.

நானூறு பேர் இருக்கும் குழுவில் ஒரு பெண் சேர்ந்தால், அவளுடைய எண் நானூறு பேருக்கும் தெரிகிறது. குழுவில் ஒருமுறை ரேஷன் கடையைப் பற்றிக் கேள்வி கேட்ட எங்கள் ஊர்ப் பெண் ஒருவருக்கு அன்று இரவிலிருந்தே தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. முகப்புப் படத்தை எடுத்துவிட்டார். பிறகு எண்ணையே மாற்றிவிட்டார். அதன் பின் எந்தப் பெண்ணும் அந்தக் குழுவில் வாய் திறக்கவில்லை. ஊர்க் குழு என்று பெயர் இருந்தாலும், ஆண்கள் பேசுவதைப் பெண்கள் படிக்கும் இடமாகத்தான் அது இருந்தது. கடைமடைவாசி அவர்களின் கேள்வியில்கூடப் பெண் பிள்ளைகளின் படங்கள் போன விஷயம் 'இது தவிர' என்று கடைசியில் வருகிறது. எங்களுக்கு அதுதான் முதல் விஷயம்.

மகாவலிக்கரை சொல்வது போல, கலைத்தால் வதந்தி நின்றுவிடாது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஊரின் பெயரைத் தாங்கிய குழுவில் வரும்போது அதற்கு ஊரே சொன்னது போன்ற ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. அந்த மதிப்பையாவது எடுத்துவிடலாம் அல்லவா?


நிரலாளன் எழுதியது:

நெய்தல் அவர்கள் சொன்ன குறைக்குத் தீர்வு இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதி 2022 இல் வந்தது. அதில் உள்ள அறிவிப்புப் பகுதியில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். மற்ற உறுப்பினர்களின் எண்கள் நிர்வாகிகளுக்கும், அந்த எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். தண்ணீர், கொள்முதல், காப்பீடு, இரத்தம் போன்ற செய்திகளுக்கு இதுவே போதும். நிர்வாகிகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும், எல்லாத் தெருக்களிலிருந்தும் ஒருவராவது இருக்கட்டும். ஊர்ப்பேச்சு வேண்டுமென்பவர்கள் தனியாக ஒரு சிறு குழுவை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஊரின் பெயர் வேண்டாம்.

வதந்தி ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்குப் பயத்தோடு, கருவியின் அமைப்பும் ஒரு காரணம். 2018 ஜூலைக்கு முன்பு, ஒரு செய்தியை ஒரே தட்டில் ஏராளமான குழுக்களுக்கு அனுப்ப முடிந்தது. அது வேறு எங்கிருந்தோ வந்தது என்ற அடையாளமும் அதில் இருக்காது. அத்திமூருக்கும் ராயின்பாடாவுக்கும் பிறகுதான் 'ஃபார்வர்டட்' என்ற குறிப்பு வந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பும் வந்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் விரிந்தது; பகிர்வு 25 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே சொன்னது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம் என்று ஆக்கினார்கள். அவ்வகைச் செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்றார்கள். மனிதர்கள் மாறவில்லை, பொத்தான் மாறியது, அவ்வளவில் இத்தனை வேறுபாடு. இதை முன்பே செய்திருக்க முடியும் என்பதுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

செய்திகள் முனைக்கு முனை மறைகுறியாக்கம் செய்யப்படுவதால், நிறுவனம் நினைத்தாலும் உங்கள் குழுவில் போவதைப் படிக்க முடியாது. நம் அந்தரங்கத்துக்கு அது தேவை. அதனாலேயே உள்ளே இருப்பவர்களின் பொறுப்பு கூடுகிறது. முகநூல், யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே எதை முன்னால் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்கீடு முடிவு செய்கிறது. 2018 இல் முகநூல் தன் முறையை மாற்றியபோது, கருத்துச் சண்டையைக் கிளப்பும் பதிவுகள் அதிகம் மேலே வந்தன என்பது 2021 இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளியிட்ட உள் ஆவணங்களில் இருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் உதவி கேட்டு வந்த செய்திகளைத் தொகுத்த தன்னார்வலர்களில் நானும் ஒருவன். 'முதல் மாடியில் முதியவர்கள் இருவர், குடிநீர் இல்லை' என்று வரும் செய்தியை அப்படியே பகிர மாட்டோம். அதிலுள்ள எண்ணுக்கு அழைத்துப் பேசி, தேதியும் நேரமும் சேர்த்த பிறகுதான் பட்டியலில் ஏற்றுவோம். மீட்கப்பட்டதும் 'முடிந்தது' என்று குறிப்போம். ஏனென்றால், மீட்கப்பட்டுவிட்டவர்களைத் தேடிப் படகுகள் மறுபடியும் போய்க்கொண்டிருந்தன. நேரம் குறிக்கப்படாத பழைய செய்திகள் சுற்றிக்கொண்டே இருந்ததுதான் காரணம். மாமல்லபுரம் அருகே உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் அதே நாட்களில் அதே வழியாகத்தான் வந்தது. பண்ணையே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. உங்கள் குழுவில் இரண்டே இரண்டு விதிகளை வையுங்கள்: அனுப்புகிறவர் தான் பார்த்ததை அல்லது தானே விசாரித்ததை மட்டும் எழுத வேண்டும், அதில் தேதியும் இடமும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த எதையும் ஃபார்வர்டு செய்யக் கூடாது, அது நல்ல செய்தியாகவே இருந்தாலும்.


கரும்பலகை எழுதியது:

அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை என்ற முறையில், பெண் பிள்ளைகளின் படங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது காத்திருக்கக் கூடாத விஷயம்.

அந்தக் கணக்கில் படங்கள் திரிக்கப்பட்டோ ஆபாசமாகவோ வந்திருந்தால், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்க முயலாதீர்கள். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அருகில் உள்ள காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். ஆனால் ஆபாசமாகத் திரிக்கப்பட்ட படத்தை உங்கள் செல்பேசியில் சேமிக்கவோ வேறு யாருக்கும் காட்டவோ அனுப்பவோ வேண்டாம். சிறார் படம் என்றால் அதை வைத்திருப்பதே குற்றம். திரிக்கப்பட்ட அந்தரங்கப் படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக வலைத்தளங்களுக்குக் கட்டளையிட்டன. ஆகவே இன்ஸ்டாகிராமிலும் உடனே புகாரளியுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையும் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே, அந்தப் படத்திலிருந்து கணக்கிடப்படும் எண்மக் குறியீட்டை மட்டும் கொடுத்து, அதில் பங்கேற்கும் தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்கலாம்.

இதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பிள்ளைகளிடம், உன்மேல் எந்தத் தவறும் இல்லை என்று வீட்டில் சொல்வது. படம் வெளியானது தெரிந்ததும் பெண்ணின் படிப்பை நிறுத்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். படத்தைத் திருடியவன் செல்போனோடு சுற்றுகிறான், பிள்ளை பள்ளியை இழக்கிறாள். இதை ஊர் அனுமதிக்கலாகாது.

ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருப்பதற்குச் சட்டத்தால் தடை விதித்து, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அது போல இங்கும் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறார்கள். என் மாணவிகளில் பலருக்குச் சொந்தச் செல்போனே கிடையாது. அப்பாவின் செல்போனில், அப்பாவின் பெயரில் உள்ள கணக்கில்தான் பார்க்கிறார்கள். அதே செல்போனில்தான் கல்வி உதவித்தொகை அறிவிப்பும், மாதிரி வினாத்தாளும், வகுப்புக் குழுவின் வீட்டுப்பாடமும் வருகின்றன. வயதை மட்டும் பார்க்கும் சட்டம் எங்கள் வீடுகளுக்குள் எப்படி வேலை செய்யும் என்பது எனக்கு விளங்கவில்லை. திருவிழாவில் யார் படம் எடுத்தாலும் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஊர்க் குழுவில் போடக் கூடாது என்று கிராமசபை தீர்மானம் போடுவது, எங்களுக்கு இன்றைக்கே பயன்படும்.


கடைமடைவாசி எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. நெய்தல் அவர்கள் சொன்னது சரி. அந்தப் படங்களைப் பற்றிய புகாரைப் பெற்றோருடன் போய் நேற்றே காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டோம். பழைய குழுவை நிறுத்திவிட்டு, நிரலாளன் சொன்ன அறிவிப்பு முறையில் புதிதாகத் தொடங்கலாம் என்றும், நிர்வாகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து மூவரைச் சேர்க்கலாம் என்றும் பெரியவர்களிடம் சொல்ல இருக்கிறேன். போர்வை விற்கும் இளைஞரிடம் ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்டு, கெட்டுப்போன சரக்குக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதை ரைஸ்மில்காரரே முன்வைக்கிறார். ஆனால் நிர்வாகியாக இருக்க முன்பு ஒப்புக்கொண்டவர்கள்கூட இப்போது பின்வாங்குகிறார்கள். யாரோ போடும் செய்திக்கு நாங்கள் சிறைக்குப் போக வேண்டுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. இதற்கு மட்டும் யாரேனும் தெளிவாகப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.


வாய்தா எழுதியது:

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். குழுவின் நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காக, மற்றோர் உறுப்பினர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே உயர் நீதிமன்றங்கள் இதுவரை எடுத்துள்ள நிலைப்பாடு. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021 இல் அப்படித் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைப் பின்பற்றி, 2021 டிசம்பரில், மனுதாரர் நிர்வாகியாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லையென்றால் இறுதி அறிக்கையிலிருந்து (குற்றப்பத்திரிகையிலிருந்து) அவர் பெயரை நீக்க வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டது. கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் இதே கருத்தைச் சொன்னது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு, ஒன்றும் செய்யாமல் இருந்தவருக்குத்தான். நிர்வாகியே அதைப் பகிர்ந்தாலோ, 'எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று எழுதினாலோ, பதிவிட்டவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தாலோ, அது அவருடைய சொந்தச் செயலாகிவிடும். புதிய அமைப்பில் நிர்வாகிகள் மட்டுமே எழுதப் போகிறீர்கள் என்பதால், ஒவ்வோர் அறிவிப்பும் அதைப் போட்டவரின் சொந்தப் பொறுப்பு என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் உறுப்பினரின் செய்தியை எல்லாருக்கும் நீக்கும் அதிகாரம் நிர்வாகிக்கு இருக்கிறது. வதந்தி என்று தெரிந்ததும் முதலில் அனுப்பியவரின் எண், நேரம், செய்தி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குரல் பதிவாக இருந்தால் அந்தக் கோப்பையும் சேமித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தை ஒரு வரியில் குழுவில் எழுதிவிட்டு, காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். நீக்கிவிட்ட பிறகு சான்றைத் தேடி அலைவதுதான் என்னிடம் வரும் நிர்வாகிகள் பலருக்கு ஏற்படும் சிக்கல், ஆகவே இந்த வரிசை மாறக் கூடாது. சென்ற மாதம் வந்த அந்தக் குரல் பதிவு யாருடைய செல்பேசியிலாவது இன்னும் இருந்தால் அதை அழித்துவிட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். அந்த இளைஞர் புகார் கொடுக்க முன்வந்தால் அது அவருக்குத் தேவைப்படும்.